அரக்குச் சாயமும் அக்காவின் நாக்கும்

அமெரிக்காவுல நான் வாங்கின முதல் திட்டு ஒரு சொட்டுத் தண்ணிக்காக. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூணாவது வாரம். எழுபதுகளோட கடைசி. ஒரு குடுவையில சாயத்தண்ணியைக் காய்ச்சிகினு இருந்தேன். அமிலம் போதுமான்னு பார்க்கணும். அதை அளக்கிற மீட்டரை வேற ஒருத்தன் எடுத்துகினு போயிட்டான். நான் கண்ணாடிக் குச்சியை உள்ள முக்கி, ஒரு உதறு உதறி, நுனியை நாக்குல வெச்சேன். யோசிச்சுச் செஞ்சது இல்லை. எங்க வீட்ல தினம் பார்த்தது, கை தானா செஞ்சுடுச்சு. இன்னும் கொஞ்சம் விடணும்னு நினைச்சுகினு திரும்பினா, பின்னாடி புரபசர் நிக்கிறாரு.

அந்த மனுஷன் போட்ட கூச்சல்ல பக்கத்து ரூம்ல இருந்தவங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. வாயைக் கழுவுன்னாரு. கழுவினேன். மறுபடியும் கழுவுன்னாரு. அத்தனை பேர் எதிர்ல நின்னு கொப்புளிச்சுத் துப்பினேன், பல் டாக்டர்கிட்ட போன குழந்தை மாதிரி. எந்தக் காட்ல இருந்து வரேன்னு கேட்டாரு. ஆரணின்னு சொன்னா அவருக்கு என்ன தெரியப் போவுது, வாயை மூடிகினு நின்னேன். மறுநாள் என் மேஜை மேல எவனோ ஒரு சூப் ஸ்பூனை வெச்சுட்டுப் போயிருந்தான். அந்த ஸ்பூனை நான் அஞ்சு வருசம் அங்கேயே வெச்சிருந்தேன், வெச்சவன் தினம் பார்க்கட்டும்னு.

அவர் கத்தினது சரிதான். அதுதான் எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல். தப்பா கத்தியிருந்தா எப்பவோ மறந்திருப்பேன்.

அந்தப் பழக்கம் எனக்கு அக்கா வீட்ல வந்தது. எனக்கும் அக்காவுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அம்மா போனப்புறம் அக்காதான் என்னைத் தன்கூட கூட்டிகினு வந்து வெச்சுகிட்டா. அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, பட்டுக்குச் சாயம் போடறவரு. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை. அதுல செப்புத் தொட்டி, அடுப்பு, நூல் காயப்போட மூங்கில் கழி. நெசவுக்காரங்க பட்டு நூலைக் கொண்டாந்து குடுத்து நிறம் சொல்லிட்டுப் போவாங்க. எங்க மாமா போடற அரக்குக்கு சேவூர்ல இருந்தும் தேவிகாபுரத்துல இருந்தும் ஆள் வரும்.

பட்டுல சாயம் பிடிக்கணும்னா தொட்டித் தண்ணி புளிக்கணும். அளவாப் புளிக்கணும். குறைஞ்சா சாயம் தண்ணியிலேயே நின்னுடும். ஏறிட்டா திட்டுத் திட்டாப் பிடிச்சு நூல் கெட்டுடும். அதனால ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, விரலை முக்கி நாக்குல வெச்சுப் பார்ப்பாங்க. ஊர்ல எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.

ஆனா எங்க மாமாவுக்கு நாக்கே கிடையாது. காலையில எழுந்ததுல இருந்து வெத்தலை, சுண்ணாம்பு, புகையிலை. மோரையும் தண்ணியையும் மாத்தி வெச்சா அவருக்குத் தெரியாது. அக்காவோட நாக்குலதான் அந்தப் பட்டறை ஓடுச்சு. ஆள் வர்றதுக்கு முன்னாடியே அக்கா தொட்டியைப் பார்த்துடுவா. ஆள் இருக்கறப்போ ஆசிட் விடணும்னா, சமையக்கட்டுக்கு ஒரு டம்ளர்ல சாயத்தண்ணி போவும். அங்க நின்னுகினு அக்கா ருசி பார்த்துட்டு பாத்திர மூடியைத் தட்டுவா. ஒரு தட்டு தட்டினா இன்னும் விடணும், ரெண்டு தட்டினா போதும். இங்க மாமா விரலை உதட்டுல வெச்சு, கண்ணை மூடி, பெரிய சங்கீத வித்வான் மாதிரி தலையை ஆட்டுவாரு. மூடி ரெண்டு தட்டு தட்டினதும் 'ஆச்சு'ன்னுவாரு. வந்தவங்க, இந்த நாக்குக்குத் தங்கத்துல காப்பு போடணும்னு சொல்லிட்டுப் போவாங்க.

எனக்குப் பத்து வயசுலயே அதைப் பார்த்தா பத்திகினு வரும். ஏன்க்கா வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறன்னு கேப்பேன். யார் நாக்குன்னு தெரிஞ்சு பட்டு என்ன பண்ணப்போவுது, நீ போய்ப் படின்னுவா. படிச்சேன். எட்டாவதோட நிறுத்தப்பட்டவ அவ. என்னை நிறுத்த வந்தவங்க ஒவ்வொருத்தரையும் வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினா. காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தேன்னதும், உங்க ஆசிட்டும் நம்ம ஆசிட்டும் ஒண்ணான்னு கேட்டா. ஒண்ணுதான்னேன். அப்ப நான் பாதி பாஸுன்னா.

வெளிநாட்டுக்குப் படிக்க இடம் கிடைச்சப்போ சொந்தக்காரங்க பேசின பேச்சை எல்லாம் எழுதினா எனக்கு பிரஷர் ஏறிடும். கல்யாணம் ஆகாத பொண்ணு, தனியா, கடல் தாண்டி. அக்கா ஒரே ஒரு பதில் சொன்னா, அவ வெறுங்கையோட திரும்பி வந்தா என் வீடு இருக்குன்னு.

அந்த ஊர்ல எனக்குக் குடுத்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? சாயம். ஏழு கடல் தாண்டிப் போயும் சாயத்தொட்டிதான். ஒரு சாயக் கம்பெனி எங்க புரபசருக்குப் பணம் குடுத்துகினு இருந்துச்சு. அவங்க செய்யற ஒரு அரக்கு நிறச் சாயம் உடம்புக்குள்ள போனா என்ன ஆவுதுன்னு கண்டுபிடிக்கணும். எலிக்குக் குடுப்பாங்க. எலியோட மூத்திரம் என் மேஜைக்கு வரும். அதுல என்னென்ன இருக்குன்னு நான் பிரிச்சுப் பார்க்கணும்.

முதல்ல எனக்கு ஆச்சரியமா இருந்தது ஒரு விஷயம். அரக்கு குடிச்ச எலிக்கும் வெறும் தண்ணி குடிச்ச எலிக்கும் மூத்திரத்துல நிற வித்தியாசமே இல்லை. அத்தனை அழுத்தமான நிறம் எங்க போச்சு? ஒண்ணரை வருசம் உக்காந்து கண்டுபிடிச்சேன். குடல்ல இருக்கிற கிருமிங்க அந்தச் சாயத்தை ரெண்டா மூணா உடைச்சுடுது. உடைஞ்சதும் நிறம் போயிடுது. நிறம் போன அந்தத் துண்டுல ஒண்ணு பென்சிடின். அது மூத்திரப்பையில கேன்சர் வர வைக்கும்னு அந்தத் துறையில இருக்கறவங்க எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். சாயம் பூசிகினு உள்ள போற விஷம், உள்ள போய்ப் பூச்சைக் கழட்டுது. இதுதான் என் தீசிஸ். இதுக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

அது உறுதியான அன்னிக்கு எனக்கு வேற எதுவும் தோணலை. டம்ளரும், அக்கா விரலும், நாக்கும்தான்.

புரபசர்கிட்ட போய், இந்த வகைச் சாயத்தைக் கையால தொட்டு, வாயில வெச்சுப் பார்க்கற ஜனங்க எங்க ஊர்ல இருக்காங்க, உடனே வெளிய சொல்லணும்னேன். அவர் ரொம்ப மரியாதையா, கம்பெனிக்காரங்க முதல்ல படிக்கணும், அதுதான் ஒப்பந்தம், அதுவரைக்கும் லேபுக்கு வெளிய யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னாரு. என் விசா அவர் கையெழுத்துல தொங்கிகினு இருந்துச்சு. கம்பெனி படிச்சுது, படிச்சுது, அப்படி நிதானமாப் படிச்சுது. நான் வாயில கொழுக்கட்டை வெச்சுகினு இருந்தேன்.

அக்காவுக்கு எழுதினேன். எழுதாம இல்லை. ஆனா என்ன எழுதினேன்னு கேளுங்க. 'சாயத்தை நாக்குல வெக்காதக்கா, வாய்ப்புண் வரும்.' வாய்ப்புண்ணாம். எனக்கு என்ன பயம்? ஆரணிக்குத் தமிழ்ல போற கடுதாசியை அந்த ஊர்ல எவன் பிரிச்சு எவன் படிக்கப்போறான்? உண்மையை எழுதினா பட்டறையை மூடிட்டு அவ என்ன பண்ணுவான்னு ஒரு பக்கம். பட்டத்தை வாங்கிகினு நேர்ல போய்ச் சொல்லலாம்னு ஒரு பக்கம். இப்படி நல்லவ மாதிரி நூறு காரணம் இருந்துச்சு. உள்ள இருந்தது பயம் ஒண்ணுதான்.

அக்கா சொல்லச் சொல்ல அவ பொண்ணு பதில் எழுதியிருந்தா. புண்ணு எதுவும் வரலை, வந்தா தேன் தடவிக்கறேன், நீ நேரத்துக்குச் சாப்பிடுன்னு.

சரி, நாக்கு வேணாம்னா பதிலுக்கு ஒண்ணு குடுக்கணுமேன்னு, புளிப்பு பார்க்கற காகிதம் நாலு சுருள் வாங்கி பார்சல்ல அனுப்பினேன். தண்ணியில முக்கினா நிறம் மாறும், கூட இருக்கிற அட்டையோட ஒத்துப் பார்த்தா புளிப்பு எவ்வளவுன்னு தெரியும். ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. 'உன் காகிதத்தை எந்தத் தொட்டியில முக்கினாலும் அரக்குன்னு சொல்லுது பாப்பா. அரக்குன்னு எனக்கே தெரியுமே. புளிப்பைக் கேட்டா நிறத்தைச் சொல்லுது.'

சாயத்தொட்டியில காகிதத்தை முக்கினா காகிதத்துக்கும் சாயம் ஏறும். இது அந்தத் தெருவுல நூல் சுத்தற சின்னப் பொண்ணுக்குக்கூடத் தெரியும். சாயத்துல டாக்டர் பட்டம் வாங்கப்போறவளுக்குத் தெரியலை. அன்னிக்கு எனக்கே என்னைச் செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அதுக்கப்புறமாவது வேற வழி யோசிச்சேனா? தீசிஸ் எழுதற வேலை இருந்துச்சு. யோசிக்கலை.

பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு வேலையும் கிடைச்சப்புறம்தான் ஊருக்கு வந்தேன். எண்பதுகள் பாதி ஓடியிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு மாமா வந்திருந்தாரு, வாய் நிறைய வெத்தலையோட. அக்கா இளைச்சிருந்தா. கேட்டதுக்கு, நீ குண்டாயிட்ட, அதனால நான் இளைச்ச மாதிரி தெரியுதுன்னா. என்னைக் கையைப் பிடிச்சு நேரா கொட்டகைக்கு இழுத்துகினு போனா. அலமாரியில ஒரு டப்பா. அதைத் துணியில துடைச்சு எடுத்து என் கையில குடுத்தா.

"உன் ஊரு சாயம் பாப்பா. பம்பாய்ல இருந்து வருது. விலை கூடத்தான், இருந்தாலும் நான்தான் இதையே வாங்கச் சொன்னேன். எங்க பாப்பா இருக்கற ஊர்ல செஞ்சது, தப்பா இருக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்கேன்."

டப்பா மேல இருந்த பேரை எனக்கு நல்லாத் தெரியும். அஞ்சு வருசம் எனக்குச் சோறு போட்ட பேரு. என் ஆராய்ச்சியை நிதானமாப் படிச்ச கம்பெனி. அவங்க தங்களோட ஊர்ல இந்தச் சாயம் செய்யறதை நிறுத்திட்டாங்கன்னு புரபசர் என்கிட்ட பெருமையாச் சொல்லியிருந்தாரு. நிறுத்தினவங்க கிடங்குல இருந்ததை என்ன பண்ணாங்கன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. இதோ, எங்க அக்கா கையில இருக்குது. படிச்சு முடிக்கறதுக்குள்ள வித்துட்டாங்க. பாவிங்க.

இதைத் தொடாதக்கான்னு சொல்ல வாயைத் திறந்தேன். மாமா அதுக்குள்ள, முகம் கழுவிட்டுச் சாப்பிட வா, ஜல்தின்னு கூப்பிட்டாரு. சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். இத்தனை வருசம் தள்ளிப்போட்டவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு பெரிசா என்ன.

அக்கா பாத்ரூம்ல இருந்து வெளிய வந்தா. அடுத்து நான் போனேன். அவ தரையில ஊத்திவிட்ட தண்ணி சரியாப் போவலை. ஓரத்துல சிவப்பா நின்னுகினு இருந்துச்சு.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ சாதாரணமாச் சொன்னா. "சாயம்தான் பாப்பா. ஒரு வருசமா இப்படித்தான் போவுது. உள்ள போனது வெளிய வருது."

உள்ள போன சாயம் சிவப்பா வெளிய வராது. அது எனக்குத் தெரியும். இந்த உலகத்துல அது உறுதியாத் தெரிஞ்ச பத்துப் பேர்ல நான் ஒருத்தி. எலி எலியாப் பார்த்து, ஒண்ணரை வருசம் உக்காந்து நான் நிரூபிச்சதே அதுதான். சாயம் நிறத்தை உள்ளேயே விட்டுட்டு வரும். அப்ப வெளிய வர்ற சிவப்பு ரத்தம். கை சிவப்பு, எச்சில் சிவப்பு, புடவை சிவப்பு, துணி பிழிஞ்ச தண்ணி சிவப்புன்னு இருக்கிற வீட்ல, ரத்தத்தையும் சாயம்னே நினைச்சுகினு ஒரு வருசம் ஓட்டியிருக்கா. அங்கேயே செவுத்துல சாய்ஞ்சு அழுதேன். ஒரு மொட்டை வரி எழுதியிருந்தா அவ அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்பா.

மறுநாளே வேலூர்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனோம். மூத்திரப்பையில கேன்சர். பரவிடுச்சுன்னாங்க. ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்கன்னு அந்தச் சின்ன வயசு டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாரு. படிச்சவ மாதிரி இருக்கீங்க, கவனிக்கலையான்னும் கேட்டாரு.

அந்தக் கோவத்துல தபாலாபீஸுக்குப் போய் அமெரிக்காவுக்கு ட்ரங்க் கால் போட்டேன். அரை நாள் காத்திருந்து லைன் கிடைச்சுது. புரபசர் வருத்தப்பட்டாரு. நிஜமாவேதான். அப்புறம் சொன்னாரு, கம்பெனி எங்க விக்குதுன்னு பார்க்கறது நம்ம வேலை இல்லைன்னு. அதோட விட்டிருக்கலாம். "நாக்குல வெக்கக் கூடாதுன்னு உனக்கு முதல் மாசமே சொன்னேனே" அப்படின்னாரு. நான் போனை வெச்சுட்டேன். திட்டறதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லாம இல்லை. அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியலை. எனக்குத்தான் சொன்னாரு. நான் யாருக்குச் சொன்னேன்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எலி, மூத்திரம், டப்பா, ஒப்பந்தம், வாய்ப்புண்ணுன்னு எழுதின பொய் எல்லாம். கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்த டப்பா நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்க்கா."

செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. பரவாயில்லைன்னு சொல்லுவான்னு எதிர்பார்த்தேன், வெக்கங்கெட்டவ. அவ சொல்லலை. அப்புறம் திரும்பாமலே கேட்டா, "நான் இங்க படுத்துகினு இருக்கேன். அங்க பட்டறையில இப்ப யார் நாக்கு?"

மாமாவுக்குத்தான் நாக்கே இல்லையே. அக்கா பொண்ணுக்குப் பதினாறு வயசு. ஆஸ்பத்திரியில இருந்து ஓடிப்போய் ஆரணி பஸ்ஸைப் பிடிச்சேன். கொட்டகைக்குள்ள நுழையறேன், அந்தப் பொண்ணு டம்ளரைக் கையில வெச்சுகினு, விரல் நுனியை வாய்க்குக் கொண்டுபோவுது. தட்டிவிட்டேன். டம்ளர் பறந்துபோய் மாமா வேட்டியெல்லாம் அரக்கு.

மாமா பேஜாராயிட்டாரு. நாளைக்கு நூல் குடுக்கணும், நாக்கு இல்லாம எப்படிப் பார்க்கறது, நீயே சொல்லுன்னு கத்தினாரு. நானும் கத்திகினே சமையக்கட்டுக்குள்ள போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியலை. அலமாரியில ஆப்ப சோடா பாட்டில் இருந்துச்சு. ஒரு நிமிஷம் அதையே பார்த்துகினு நின்னேன். ஒரு கரண்டி சாயத்தண்ணி எடுத்து, ஒரு சிட்டிகை சோடா போட்டேன். புஸ்ஸுன்னு பொங்குச்சு. ஆசிட் இருந்தா பொங்கும், எவ்வளவு இருக்கோ அவ்வளவு பொங்கும், நிறம் எதுவா இருந்தா என்ன. எட்டாங்கிளாஸ் பாடம். ரெண்டே நாள்ல அந்தப் பொண்ணு நுரையைப் பார்த்தே போதும், போதாதுன்னு சொல்லக் கத்துகிச்சு.

அக்காகிட்ட போய்ச் சொன்னேன். ஆபரேஷன் முடிஞ்சு குரல் கம்மிக் கிடந்தவ, பொண்ணு நாக்குல வெக்கலைன்னு தெரிஞ்சதும் கண்ணை மூடித் திறந்தா. அப்புறம், ஆப்ப சோடா நம்ம வீட்ல எப்பவும் இருக்குமேன்னா. அவ்வளவுதான் சொன்னா. வேற யார் எவ்வளவு திட்டியிருந்தாலும் எனக்கு அப்படி வலிச்சிருக்காது.

மூணு மாசம் கழிச்சுப் போயிட்டா. கருமாதிக்கு நெசவுத்தெருவே வந்திருந்துச்சு, மத்த பட்டறைக்காரங்களும் வந்திருந்தாங்க. சேவூர்க்காரர் ஒருத்தர் மாமா கையைப் பிடிச்சுகினு, அவங்க போனாலும் உங்க நாக்குல கடவுள் இருக்காருங்க, அது போதும், தொழிலை விட்டுடாதீங்கன்னாரு. மாமா தலையைக் குனிஞ்சுகினு இருந்தாரு. எனக்குத் தாங்கலை. அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னு சொல்லிட்டேன், அது எங்க அக்கா நாக்கு, இத்தனை வருசமும் அவ நாக்குதான், அதனாலதான் செத்தான்னு. மாமா மறுக்கலை. வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டு, ஆமாம்னு சொன்னாரு. அதோட நான் நிறுத்தலை. எனக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் சரியாச் சொல்லலைன்னும் சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருக்கலாம். ஒவ்வொருத்தரா நாக்கைப் பல்லுக்குள்ள தடவிப் பார்த்துகினு உக்காந்திருந்தாங்க. கடைசியில பக்கத்துத் தெரு பட்டறைக்காரர் ஒருத்தர், நாக்குக்குப் பதிலா என்ன பண்ணணும்னு எங்களுக்கு எழுதிக் குடுங்கம்மான்னாரு.

அக்கா எனக்குப் பதில் போடன்னு வாங்கி வெச்சிருந்த ஏர்மெயில் தாள் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதுல எழுதினேன். சாயத்தை நாக்குல வெச்சா கேன்சர் வரும், கரண்டியில எடுத்து ஆப்ப சோடா போட்டுப் பாருங்க, பொங்கினா புளிப்பு இருக்கு.

எழுதி முடிச்சுட்டுப் பார்த்தேன். எழுதினது மூணு விரக்கடைகூட வரலை. மீதித் தாள் முழுக்கக் காலியா இருந்துச்சு.